செக்கிங் அண்ணியின் மறுபாதி முகம்

செருப்புக் கடைக்கு மேலே, மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு கறுப்புத் திரை தொங்கும். அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் முதலில் ஒன்றுமே தெரியாது. கண் பழகியதும் ஒரு முகம் தெரியும். கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லாமல், இருட்டில் மிதக்கிற, ஒளியாலேயே ஆன முகம். மூக்கு நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். காது இரண்டும் பின்னால் தள்ளி நிற்கும். கன்னத்தைக் கிள்ளலாம் என்று கையை நீட்டினால் விரல் கண்ணாடியில் போய் இடிக்கும்.

"எல்லாரும் இடிப்பாங்க. துடைக்கிறதுக்குத்தான் பக்கத்துல துணி வெச்சிருக்கேன்" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்.

அதுதான் லைட்டக்கா.

அந்தப் பட்டம் அவளுக்குக் கல்யாணமான புதிதில் கிடைத்தது. கணவர் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். ஒருநாள் விளக்குப் பிடிக்கிற ஆள் வரவில்லை. "கொஞ்ச நேரம் சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லு. ஆள் வந்ததும் வாங்கிக்கறேன்" என்று புது மனைவியின் கையில் விளக்கைக் கொடுத்தார். கொடுத்தவர் இன்றுவரை திரும்ப வாங்கவில்லை.

கை வலிக்க வலிக்க நின்ற அந்தக் காலத்தில்தான் அவளுக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டது. விளக்கை ஒரு சாண் இறக்கினால் மாப்பிள்ளையின் அப்பா கொலைகாரர் மாதிரி தெரிவார். அதே விளக்கை ஒரு சாண் ஏற்றினால் அள்ளி அள்ளிக் கொடுக்கிற வள்ளல் ஆகிவிடுவார். மனிதர் என்னவோ அதே மனிதர்தான். விளக்குதான் அவரை ஆட்டி வைக்கிறது. இதைக் கண்டுபிடித்த பிறகு, பந்தியில் தன்னை மதிக்காத ஒன்றிரண்டு பேருக்கு அவள் வேண்டுமென்றே கீழிருந்து விளக்கடித்ததும் உண்டு. கணவர் முறைத்தால், "கை தளர்ந்துபோச்சுங்க" என்று முகத்தைப் பாவம்போல வைத்துக்கொள்வாள்.

பிறகு அவளே கேமராவை எடுத்தாள். செருப்புக் கடை மாடியில் தனியாக ஸ்டுடியோ போட்டாள். சாதாரணப் படம் எடுக்கிற ஸ்டுடியோ அல்ல. மேடும் பள்ளமுமாக இருக்கிற ஒரு முகத்தை இஸ்திரி போட்டுக் காகிதத்தில் ஒட்டுகிற வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் முறையே வேறு. ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து அறையை முழு இருட்டாக்குவாள். ஆளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பழைய புரொஜெக்டர்கள். அவை ஒரு மெல்லிய கோடு வெளிச்சத்தை மட்டும் பாய்ச்சும். முதலில் அந்தக் கோடு மூக்கு நுனியைத் தொடும். ஒரு படம். கோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்து உதட்டைத் தொடும். இன்னொரு படம். ரொட்டியைத் துண்டு போடுவதுபோல, வலிக்காமல், ரத்தமில்லாமல், ஒளியால் முகத்தைத் துண்டு போட்டுக்கொண்டே காது வரைக்கும் போவாள். பிறகு ஒவ்வொரு துண்டையும் கண்ணாடி மாதிரியான ஓர் அக்ரிலிக் ஷீட்டில் அச்சடித்து, எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி, ஓரத்தில் குட்டி விளக்குகளை எரிய விடுவாள். அவ்வளவுதான், துண்டு துண்டான முகம் ஒட்டிக்கொண்டு எழுந்து நிற்கும்.

அடுக்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் முன்பக்கம் மேஜையைப் பார்த்து இருக்கும்படி பெட்டியைக் குப்புறப் போடுவாள். முதலில் மூக்கு ஷீட். அதன் மேல் உதடு, கன்னம், கண். கடைசியில் காது. கை பழகிவிட்டதால் கண்ணை மூடிக்கொண்டே அடுக்குவாள். அடுக்கியதும் மூடி ஒட்டுவது கணவர் வேலை.

வருகிறவர்களிடம் படும் பாட்டைச் சொன்னால் ஒரு புத்தகம் தேறும். ஒரு பல் டாக்டர், "எல்லாம் பிரமாதம். அந்த மூக்கு ஷீட்டை மட்டும் உருவிட முடியுமா?" என்று கெஞ்சினார். கணவனின் படத்தை வாங்க வந்த ஓர் அம்மாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாய் இருக்கிற ஷீட் எதுன்னு சொல்லும்மா. தேவைப்படறப்ப நான் கழட்டி வெச்சுக்கறேன்" என்றாள்.

இப்படி ஊரார் முகங்களை எல்லாம் இருட்டிலிருந்து தூக்கி நிறுத்தியவளுக்கு ஒரே ஒரு முகம் மட்டும் பாக்கி இருந்தது. அந்த முகம் அவள் வீட்டுக்குக் கீழ்த்தளத்திலேயே குடியிருந்தது.

நாத்தனார். கணவரின் அக்கா. லைட்டக்காவுக்கு அண்ணி.

அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து முடித்த சட்டைகளில் பிசிறு, ஓட்டை, கோணல் தையல் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிற வேலை. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு குட்டி நூல் கத்தரி. அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. தெருவில் போகிற ஆளைக்கூட நிறுத்தி, தோளில் தொங்குகிற நூலைக் கிள்ளி எறிந்துவிட்டு, "ம், இப்ப போங்க" என்று அனுப்புவாள். முதுகுக்குப் பின்னால் அவளைச் 'செக்கிங்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னவர்கள் யாரும் இல்லை.

அவள் கை படாத தோள் அந்தத் தெருவிலேயே ஒன்றுதான். அது லைட்டக்காவின் தோள்.

காரணம் ஒரு போட்டோ. பல வருஷங்களுக்கு முன்னால் தொழிற்சாலையில் அண்ணிக்குச் சிறந்த சூப்பர்வைசர் பரிசு கொடுத்தார்கள். நோட்டீஸ் போர்டில் மாட்ட ஒரு படம் கேட்டார்கள். அப்போதுதான் கேமராவைக் கையில் எடுத்திருந்த லைட்டக்கா, "நான் எடுக்கறேன் அண்ணி!" என்று குதித்தாள். பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்தாள். முகத்தின் வலது பாதி வெளிச்சத்தில் ஜொலித்தது. இடது பாதி கும்மிருட்டு. எடுத்தவளுக்கு அது காவியம்.

போர்டில் அது தொங்கிய முதல் நாளே தையல் வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மேடத்துக்கு இன்னைக்குப் பாதி நாள் லீவாம்டி!" என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள். அது ஹால் முழுக்கச் சுற்றி, கேன்டீன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் அண்ணி படியேறி வந்து, "பாதி மூஞ்சியை ஏன்டி முழுங்கிட்ட?" என்று கேட்டாள். லைட்டக்காவுக்குச் சுருக்கென்றது.

"அது ஆர்ட் அண்ணி. உங்களுக்குப் புரியாது."

அன்றோடு சரி. அண்ணி அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினாள்.

பேச்சு நின்றதே தவிர, செய்தி நிற்கவில்லை. எல்லாம் தம்பி வழியாகப் போனது. மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். "தம்பி, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, மேல தண்ணிக் குழாயை மூடச் சொல்லி." "என்னங்க, மூடிட்டேன்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க." நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கழுத்துச் சுளுக்கோடு எழுந்து போவார்.

"எங்க அம்மா என்னைப் பெத்தது வீடியோ எடுக்கவா, தந்திக் கம்பியா நிக்கவா?" என்று ஒருநாள் புலம்பினார்.

"உங்க அக்காகிட்டயே கேளுங்க" என்றாள் லைட்டக்கா.

வெளியே இப்படி வாய் பேசினாலும் உள்ளுக்குள் அவளுக்கு அந்தப் பாதி முகம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவள் ஏன் ஒளியைக் கோடு கோடாக வெட்டி, மூக்கிலிருந்து காது வரை ஒரு மயிரிழை விடாமல் படம் பிடிக்கிறாள் என்று கேட்டால் தொழில்நுட்பம், கலை என்று என்னென்னவோ சொல்வாள். உண்மைக் காரணம் கீழ்வீட்டில் இருந்தது. அந்தக் கருவிகளை எல்லாம் சேர்த்ததே ஒருநாள் அந்த இடது கன்னத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான். கொடுத்தால் அண்ணி வாயைத் திறந்து தன்னிடம் ஒரு வார்த்தை பேசுவாள். ஒரே ஒரு வார்த்தை. திட்டாக இருந்தாலும் தேவலை!

அந்த நாள் வந்தது. அண்ணிக்குப் பணி ஓய்வு.

முதலில் அலறியது தம்பிதான். "இதுவரைக்கும் அக்கா பகல்ல வேலைக்குப் போயிடும். இனிமே நாள் முழுக்க வீட்ல. நான் நாள் முழுக்க நடுவுல! என்னால முடியாது சாமி."

இரண்டாவது செய்தி தொழிற்சாலையிலிருந்து வந்தது. பிரிவு விழாவன்று செக்கிங் ஹாலில், அதே நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில், மேடத்தின் படத்தை மாட்டப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள்.

"கடைத்தெருவுல பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் குடுத்துடறேன்" என்றாள் அண்ணி. "அதுல ரெண்டு காதும் கண்டிப்பாத் தெரியணும்னு சட்டமே இருக்கு."

தம்பி அக்காவின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அக்கா, ஒரே ஒரு தடவை மாடிக்கு வா. அவ எடுக்கட்டும். நல்லா இல்லைன்னா நானே போட்டு உடைக்கிறேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஜென்மத்துக்கும் பேசிக்க வேணாம். என்னையும் விட்டுடுங்க, நான் எங்கயாவது கல்யாண மண்டபத்துலயே படுத்துக்கறேன்."

தம்பியின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அண்ணிக்குத் தம்பி என்றால் உயிர். "வர்றேன்னு சொல்லு" என்றாள். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு அண்ணி ஸ்டுடியோவுக்குள் காலை வைத்தாள். வெளிச்சம் தன் மேல் பட்டுத் தெறிக்கக் கூடாது என்பதற்காகப் படம் எடுக்கும்போது லைட்டக்கா எப்போதும் கறுப்புச் சட்டைதான் போடுவாள். அன்றும் அதே சட்டை.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்து மேஜையில் ஒரு பிளாஸ்டர் தலை இருந்தது. மூடிப்போன துணிக்கடை ஒன்றில் தொப்பி போட்டு நின்ற தலை. உடம்பு போய்த் தலை மட்டும் மிஞ்சியதால் அதற்குத் தலைவர் என்று பெயர், அந்தப் பெயர் கீழ்வீடு வரைக்கும் பிரபலம். ஆட்கள் வருவதற்கு முன்னால் விளக்கு சரியாக விழுகிறதா என்று தலைவர் மேல்தான் அடித்துப் பார்ப்பாள். வேலை ஆரம்பமானது, வழக்கம்போல நடுவில் கம்பியாகத் தம்பி.

"என்னங்க, தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க."

"அக்கா, தாடை."

"தூக்கிட்டேன்னு சொல்லு."

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து செருப்புக் கடைக்காரரின் குரல் கேட்டது. "வீடியோக்காரரே! உங்க வண்டி நடுவழியில நிக்குது. சரக்கு வண்டி உள்ள வரணும்!"

"இதோ வந்துடறேன்" என்று அவர் ஓடினார். திரை ஆடி அடங்கியது. இருட்டறையில் இரண்டு பெண்கள். கம்பி அறுந்துவிட்டது.

ஒளிக்கோடு அண்ணியின் மூக்கு நுனியில் நின்றது. லைட்டக்கா படம் எடுத்தாள். அடுத்து, "ஆடாமல் இருங்கள்" என்று சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? வாய் வரை வந்தது. வறட்டுக் கௌரவம் தடுத்தது.

கடைசியில் அண்ணிதான் ஆரம்பித்தாள். ஆனால் முகத்தை அசைக்காமல், கண்ணை மட்டும் மேஜைப் பக்கம் திருப்பி.

"தலைவரே, கண்ணு கூசுதுன்னு உங்க ஆளுகிட்ட சொல்லுங்க."

லைட்டக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தலைவரே, கோடு கண்ணைத் தாண்டினதும் சரியாயிடும்னு சொல்லுங்க. அதுவரைக்கும் கிளிக் சத்தம் கேட்டப்புறம் மட்டும் கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்க."

"சரின்னு சொல்லுங்க தலைவரே."

தலைவர் உடைந்த மூக்கோடு, ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு பக்கமும் நியாயமாக நடந்துகொண்டார். கோடு உதட்டிலிருந்து கன்னத்துக்கு நகர்ந்தது.

"தலைவரே, இந்தத் தடவை ரெண்டு கன்னமும் வருமான்னு கேளுங்க."

"ரெண்டு கன்னமும் வரும், ரெண்டு காதும் வரும். கேட்டா முதுகும் வரும்னு சொல்லுங்க."

"ரொம்பப் பேச வேணாம்னு சொல்லுங்க." பிறகு அண்ணியின் குரல் தணிந்து வந்தது. "தலைவரே, உங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு அந்தப் பொண்ணுங்க சிரிச்சது எனக்குப் பெருசா படல. சின்னப் பொண்ணுங்க, சிரிக்கும். நான் வீட்டுக்கு வந்து சொன்னப்ப ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னா பாருங்க, 'உங்களுக்குப் புரியாது'ன்னு. எனக்கா புரியாது? ஒரு சட்டையைத் தூரத்துல பார்த்தே எந்த மிஷின்ல தெச்சதுன்னு சொல்லுவேன். எனக்கா புரியாது, தலைவரே?"

லைட்டக்காவின் விரல் பொத்தானின் மேலேயே நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் தான் தூக்கிச் சுமந்தது தப்பான பாரம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணியை இருட்டில் தள்ளியது பக்கவாட்டு விளக்கு அல்ல. அந்த ஒரு வார்த்தை!

"தலைவரே..." என்று தொடங்கினாள். கண்ணீர் வந்து ஒளிக்கோடு இரண்டாகத் தெரிந்தது. எப்படியோ மிச்சப் படங்களை எடுத்து முடித்தாள். காது வந்தது. முடிந்தது.

அண்ணி எழுந்து முந்தானையைச் சரி செய்தாள். அணைக்காத புரொஜெக்டரின் கோடு இப்போது லைட்டக்காவின் தோளில் விழுந்துகொண்டிருந்தது. கறுப்புச் சட்டையில், துடைக்கிற துணியிலிருந்து ஒட்டிய ஒரு வெள்ளை நூல் பளீரென்று மின்னியது. அண்ணியின் கை தானாக எழுந்தது. பாதி வழியில் நின்றது. திரும்பி இறங்கிவிட்டது.

"தலைவரே, கறுப்புச் சட்டையில வெள்ளை நூல். இங்க ஒருத்தருக்குக் கண்ணு அவ்வளவு பத்தாது போல" என்று சொல்லிவிட்டு அண்ணி திரையை விலக்கிக்கொண்டு போனாள்.

லைட்டக்கா அந்த நூலை எடுக்கவில்லை. சட்டையைத் துவைக்கவும் இல்லை. பத்திரமாகக் கழற்றி, நூல் விழாதபடி ஹேங்கரில் மாட்டினாள்.

ஷீட்டுகள் அச்சாகி வந்தன. பெட்டியை அடுக்க உட்கார்ந்தபோது அவள் அவளாக இல்லை. "எனக்கா புரியாது தலைவரே" என்ற குரலே காதில் ரீங்காரமிட்டது. பெட்டியின் பின்பக்கப் பலகையைக் கணவர் அன்று முன்கூட்டியே ஒட்டியிருந்தார். பசை பிடிக்க வேண்டும் என்று பெட்டியை வழக்கம்போலக் குப்புறப் போடாமல் மல்லாக்க வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. பழகின கை பழகினபடி வேலை செய்தது. முதலில் மூக்கு. அதன் மேல் உதடு, கன்னம், கண். கடைசியில் காது. கணவர் வந்து மேலே கண்ணாடியை வைத்து ஒட்டினார்.

விளக்கைப் போட்டு, எதிரே நேராக நின்று பார்த்தாள். முழு முகம். இரண்டு கன்னம், இரண்டு காது. இடது கன்னத்தின் ஓரத்தில் இருந்த குட்டி மச்சம் உட்பட எல்லாம் வந்திருந்தது. நின்ற இடத்திலேயே கேவிக் கேவி அழுதாள். ஓர் அடி பக்கத்தில் நகர்ந்து அழுதிருந்தால் விஷயம் அப்போதே தெரிந்திருக்கும்!

விழா நாள். செக்கிங் ஹாலில் மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெண்கள் கும்பலாக நின்றார்கள். மேனேஜர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். சுவரில் துணி மூடிய பெட்டி. பக்கத்தில் பழைய நோட்டீஸ் போர்டு. லைட்டக்கா அதே கறுப்புச் சட்டையில், கணவரின் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

மேனேஜர் துணியை விலக்கினார். ஹால் விளக்குகளை அணைத்தார்கள். பெட்டிக்குள் அண்ணி எழுந்தாள்.

"ஹா!" என்று கூட்டம் மூச்சை இழுத்தது. கைத்தட்டல் கூரையை முட்டியது. "முழு நாள் டூட்டிடி!" என்று ஒரு பழைய ஆள் கத்தினாள். லைட்டக்காவுக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் நிலைக்கவில்லை. டீத் தட்டோடு படத்தைக் கடந்து நடந்த ஒருத்தி திடீரென்று நின்றாள். இரண்டு அடி முன்னால் போனாள். இரண்டு அடி பின்னால் வந்தாள்.

"ஐயோ! மேடம் திரும்பிப் பார்க்கறாங்க!"

தட்டு ஆடியது. இன்னொருத்தி ஓடிப் பார்த்தாள். "ஆமாடி, என்கூடவே வர்றாங்க!" ஒருத்தி இடது பக்கம் ஓட, முகம் இடது பக்கம் திரும்பியது. ஒருத்தி வலது பக்கம் ஓட, அவளுக்கு வலது பக்கம் திரும்பியது. மேனேஜர் மெதுவாக ஒரு தூணுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். முகம் தூணையே பார்த்துக்கொண்டிருந்தது. மனிதர் தன்னை அறியாமல் சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொண்டார்.

லைட்டக்காவுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. மல்லாக்கக் கிடந்த பெட்டி. மூக்கு அடியில் போய்விட்டது, காது முன்னால் வந்துவிட்டது. பெட்டிக்குள் இருப்பது முகம் அல்ல, முகத்தின் குழி, முகமூடியின் உள்பக்கம் மாதிரி. ஆனால் முகம் என்பது உள்ளே குழிந்திருக்கும் என்று மனிதக் கண் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது. அது பிடிவாதமாக வெளியே துருத்திக்கொண்டிருப்பதாகவே பார்க்கும். அப்படிப் பார்க்கிற வரைக்கும், ஆள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் முகமும் கூடவே திரும்பும்.

அதே ஹால். அதே சுவர். அதே பெண்கள். மறுபடியும் சிரிப்பு! "பூமி பிளந்து என்னை முழுங்கிடாதா" என்று அவள் கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு படத்தின் முன் வந்து நின்றாள். சத்தம் பட்டென்று அடங்கியது. வலது பக்கம் நான்கு அடி நடந்தாள். முகம் திரும்பியது. இடது பக்கம் வந்தாள். முகமும் வந்தது. குனிந்தாள். முகம் குனிந்து பார்த்தது.

அண்ணியின் தோள் குலுங்கியது. அழுகிறாளா? "போச்சு" என்று தம்பி முணுமுணுத்தார்.

அண்ணி திரும்பினாள். அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பல்லை அந்த ஹாலில் யாரும் பார்த்ததில்லை. மேடமே சிரித்த பிறகு பெண்களுக்கு என்ன தடை? ஹாலே வெடித்துச் சிரித்தது. இந்தத் தடவை யாரும் வாயைப் பொத்தவில்லை.

"கேட்டுக்குங்கடி எல்லாரும்!" என்றாள் அண்ணி மூச்சு வாங்க. "நான் வீட்டுக்குப் போறேன். ஆனா போகல. ஒரு பிசிறு நூல் தாண்டிப் போகக் கூடாது, பார்த்துக்கிட்டே இருப்பேன்!"

பிறகு தம்பியிடம் வந்தாள். "தம்பி, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். தம்பி வழக்கம்போலக் கழுத்தைத் திருப்பத் தயாராக இருந்தார். அண்ணி அவரை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினாள். பின்னால் ஒளிந்திருந்தவள் பெட்டியின் வெளிச்சத்துக்கு வந்தாள்.

"ஏய். நீயே கேட்டுக்க. அன்னைக்குப் பாதி மூஞ்சியை முழுங்கின. இன்னைக்கு முழு மூஞ்சியையும் குடுத்து, காவலுக்கும் உட்கார வெச்சிட்டியா?"

நேராக. அவளிடமே. முழுசாக! லைட்டக்காவுக்கு வாய் குழறியது.

"தப்பு நடந்துபோச்சு அண்ணி. இது ஆர்ட்டெல்லாம் இல்ல. ஷீட்டை மாத்தி அடுக்கிட்டேன். மூக்கு பின்னாடி போயிடுச்சு. இப்பவே கழட்டி எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிடறேன்."

"தொட்டுப் பாரு, கையை ஒடிக்கறேன். ஷீட் மாறினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வந்து நின்ன உடனே பார்த்தேன். காது எனக்குப் பக்கத்துல இருக்கு, மூக்கு தூரத்துல இருக்கு. எனக்கா புரியாது?"

"உங்களுக்குத்தான் அண்ணி புரியும்" என்றாள் லைட்டக்கா. சொல்லும்போதே குரல் உடைந்தது. "எனக்குத்தான் அன்னைக்குப் புரியல. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது."

அண்ணியின் பார்வை கீழே இறங்கியிருந்தது, லைட்டக்காவின் தோளுக்கு. கறுப்புச் சட்டையில் அந்த வெள்ளை நூல்.

"இன்னுமா எடுக்கல இதை?"

"நீங்க எடுப்பீங்கன்னு விட்டு வெச்சிருந்தேன்."

"எத்தனை நாளா துவைக்காம போட்டிருக்க? கருமம்!" அண்ணியின் கை எழுந்தது. இந்தத் தடவை பாதி வழியில் நிற்கவில்லை. இரண்டு விரலால் நூலைக் கிள்ளி எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பருத்தி" என்று தீர்ப்புச் சொல்லி, ஊதிப் பறக்கவிட்டாள். பிறகு அந்தத் தோளை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். கொஞ்சம் பலமாகவே.

"ம். இப்ப போ."

லைட்டக்கா போகவில்லை. அங்கேயே, எல்லாரும் பார்க்க, அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நடுவில் மாட்டிய குட்டி நூல் கத்தரி இருவரையும் குத்தியது. ஒருவரும் விலகவில்லை. சுவரிலிருந்த முகம் மட்டும் ஹாலில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பிக்கு விடுதலை கிடைத்தது என்று நினைத்தால் அது தப்பு. அண்ணி இப்போது பகலெல்லாம் செருப்புக் கடை மாடியில்தான். தலைவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். "மூக்கு மேலயா கீழயா, சொல்லு பார்ப்போம்" என்று கேட்கிறாள். படம் எடுக்க வருகிற ஆட்களின் தோளில் ஒரு நூல்கூட உள்ளே போவதில்லை. இரண்டு பெண்களும் ஓயாமல் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். நடுவில் ஒரு வார்த்தை நுழைக்க அந்த மனிதருக்கு இடமே கிடைப்பதில்லை.

போன வாரம் அவர் பசை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் மேஜைப் பக்கம் திரும்பினார்.

"தலைவரே, எனக்குப் பசிக்குதுன்னு அவங்க ரெண்டு பேருகிட்டயும் கொஞ்சம் சொல்றீங்களா?"